மீட்டருக்கு முன் எல்லை: தில்லை நகரில் ஓர் அளவு மண்டலம் அமைத்தல்

இந்த அத்தியாயம் திருச்சி மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பொறியாளருக்கும், ஒப்பந்ததாரரின் தளப் பொறியாளருக்கும் எழுதப்பட்டது. குடியிருப்போர் நலச் சங்கத்தினர் படித்தால், தங்கள் தெருவில் நள்ளிரவில் நடக்கும் வேலை எதற்கென்று புரியும், உதவவும் முடியும். ஆனால் பொதுக் குழாயின் வால்வை மாநகராட்சி ஊழியர் அல்லாதவர் தொடக் கூடாது. சங்கத்தாரின் பங்கு வீட்டுக்குள்ளும் வீட்டு வாசலிலும்தான்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஊரின் குழாய் வலையிலிருந்து ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்து, அதற்குள் தண்ணீர் ஒரே வழியில் மட்டும் நுழையுமாறு செய்து, அந்த வாயிலில் ஒரு மீட்டர் வைப்பது. அலுவலகத்தில் இதை டி.எம்.ஏ. என்பார்கள். உள்ளே போன தண்ணீரையும் வீடுகளில் பதிவான தண்ணீரையும் ஒப்பிட்டால், இடையில் தொலைந்தது எவ்வளவு என்று தெரியும். கம்பரசம்பேட்டை நீரேற்று நிலையத்தில் ஏறும் தண்ணீரை அங்கேயே அளந்துவிடலாம். மேல்நிலைத் தொட்டியை விட்டு இறங்கிய பிறகு அது எந்தத் தெருவில் மண்ணுக்குள் போகிறது என்பதைச் சொல்ல, மண்டலம் பிரித்தால்தான் முடியும்.

பலர் மீட்டர் வாங்குவதில் தொடங்குகிறார்கள். அது தலைகீழ் வரிசை. எல்லை மூடவில்லையென்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மீட்டரும் காட்டும் எண்ணுக்குப் பொருளில்லை. பக்கத்து மண்டலத்திலிருந்து ஒரு பழைய நான்கு அங்குலக் குழாய் தெரியாமல் இணைந்திருந்தால் போதும், கணக்கு முழுவதும் வீண். எனவே இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி எல்லையைப் பற்றியது.

ஏன் தில்லை நகர்?

தொடங்குவதற்கு நல்ல இடம். மெயின் ரோடும் அதிலிருந்து பிரியும் குறுக்குத் தெருக்களும் வரிசை எண்ணோடு திட்டமிட்டு அமைந்தவை. நிலம் ஏறக்குறையச் சமதளம் என்பதால் அழுத்தம் தெருவுக்குத் தெரு பெரிதாக மாறாது. சாஸ்திரி ரோடு போன்ற பெரிய சாலைகளையும், நகரத்தின் நடுவே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலையும் எல்லையாக வைத்து யோசிக்கத் தொடங்கலாம். வாய்க்காலைக் கடக்கும் குழாய்கள் எண்ணிக்கையில் குறைவாகவே இருக்கும். கடக்கும் இடமும் பெரும்பாலும் பாலத்தை ஒட்டியே இருக்கும். எண்ணிவிடலாம்.

சிரமங்களும் உண்டு. தனி வீடுகள் இருந்த மனைகளில் இன்று அடுக்குமாடிகளும் மருத்துவமனைகளும் பயிற்சி நிலையங்களும் நிற்கின்றன. ஓர் இணைப்புக்குப் பின்னால் ஐந்து பேரும் இருக்கலாம், ஐம்பது பேரும் இருக்கலாம். கிட்டத்தட்ட எல்லாக் கட்டடத்திலும் சம்ப் இருக்கிறது. இந்த சம்ப்தான் பின்னால் நம் கணக்கைக் குழப்பப்போகிறது.

ஸ்ரீரங்கத்தில் நீங்கள் பணியாற்றினால் உங்களுக்கு வேறு வசதி உண்டு. கோயிலைச் சுற்றி உத்திர வீதி, சித்திரை வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வீதிகளும், அவற்றுக்கிடையே உயர்ந்த மதில்களும் உள்ளன. குழாய் எங்கே கடக்கிறது என்று தேட முதலில் கோபுர வாசல்களுக்குப் போங்கள்.

முதல் வேலை: வால்வு ஆப்பரேட்டருடன் நடப்பது

ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளைச் சேர்த்துத் திருச்சி 1994இல் மாநகராட்சி ஆனது. தனித்தனி நிர்வாகங்கள் தனித்தனிக் காலங்களில் போட்ட குழாய்கள் ஒரே வலைக்குள் வந்திருக்கின்றன. அலுவலகத்து வரைபடத்தை நம்பி எல்லையைக் கோடு போட்டுவிடாதீர்கள். பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஆப்பரேட்டரிடம்தான் உண்மையான வரைபடம் இருக்கிறது. அது காகிதத்தில் இல்லை என்பது மட்டுமே குறை. அவர் ஓய்வு பெறுவதற்குள் அதைக் காகிதத்துக்குக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு.

1. காலை தண்ணீர் விடும் நேரத்தில் அவருடனேயே போங்கள். எந்த வால்வை முதலில் திறக்கிறார், எதைப் பாதி திறக்கிறார், எதைத் தொடுவதே இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். “அது எதுக்கு சார், அதை மூடினா கடைசி வீட்டுக்குத் தண்ணி ஏறாது” என்று அவர் போகிற போக்கில் சொல்வது, நீங்கள் தேடும் ரகசிய இணைப்பாகவே இருக்கலாம்.

2. ஒவ்வொரு வால்வுக்கும் எண் கொடுங்கள். மூடியைத் திறந்து பாருங்கள். சாலை போட்டபோது தாருக்கடியில் புதைந்தவை இருக்கும். அவற்றை உலோகம் கண்டறியும் கருவியால் தேடி, மூடியைச் சாலை மட்டத்துக்கு உயர்த்துங்கள்.

3. வால்வு சாவியை மாட்டி, முழுக்கத் திறந்த நிலையிலிருந்து முழுக்க மூடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். கேட் வகை வால்வுக்குத் தோராயக் கணக்கு: அங்குல அளவை மூன்றால் பெருக்கி, இரண்டோ மூன்றோ கூட்டுங்கள். எட்டு அங்குல வால்வு 26, 27 சுற்றில் மூட வேண்டும். தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும். ஆனால் 15 சுற்றிலேயே நின்றுவிட்டால், அடியில் கல்லோ துருவோ சிக்கியிருக்கிறது. ஆப்பரேட்டர் “டைட்டா இருக்கு, மூடிட்டேன்” என்பார். உள்ளே தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.

4. மூடியபின் சுழல்தண்டின் தலையில் ஒலிக்கம்பியை வைத்துக் காதைக் கொடுங்கள். நன்றாக மூடிய வால்வில் சத்தமே இராது. மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்டால் வால்வு பாஸ் ஆகிறது என்று பொருள். நான்கைந்து முறை திறந்து மூடிக் கழுவிப் பாருங்கள். அப்போதும் சத்தம் நிற்கவில்லையென்றால் மாற்றியே ஆக வேண்டும்.

5. தெருவோரப் பழைய பொதுக்குழாய்களையும், தீயணைப்புக் குழாய்களையும், கழிவு வால்வுகளையும் விடாமல் குறியுங்கள். பின்னால் வரும் சுழிய அழுத்தச் சோதனை இரவில் இவை கைகொடுக்கும்.

குறிப்பு: இரண்டு தொட்டிகளின் தண்ணீர் வெவ்வேறு மூலத்திலிருந்து வந்தால், கையடக்க டி.டி.எஸ். மீட்டர் நல்ல துப்பறியும் கருவி. தெருவின் இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். ஒரே தெருவின் நடுவில் எண் திடீரென மாறினால், அங்கே இரண்டு தண்ணீர்கள் சந்திக்கின்றன.

எல்லையை எங்கே போடுவது

ஒரு மண்டலத்தில் 500 முதல் 3,000 இணைப்புகள் என்பது உலகெங்கும் வழக்கமான அளவு. 5,000ஐத் தாண்டினால் புதிதாக ஏற்படும் கசிவு மொத்த அளவில் கரைந்துபோகும், கண்ணில் படாது. தில்லை நகரில் முதல் மண்டலத்துக்கு 1,000 அல்லது 1,200 இணைப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை. சிறியதாக இருந்தால் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. குழுவுக்கும் நம்பிக்கை வரும்.

எல்லைக் கோடு எத்தனை குறைவான குழாய்களை வெட்டுகிறதோ அத்தனை நல்லது. வரையும்போது மூன்றைப் பாருங்கள். முதலாவது, எல்லைக்குள் ஒரே தொட்டியின் தண்ணீர் இருக்க வேண்டும். இரண்டாவது, பக்கத்துத் தொட்டிக்குப் போகும் பெரிய நீரேற்றுக் குழாய் உள்ளே கடந்தால், அதிலிருந்து வீட்டு இணைப்பு எதுவும் எடுத்திருக்கக் கூடாது. எடுத்திருந்தால் அதைப் பகிர்மானக் குழாய்க்கு மாற்றுங்கள். மூன்றாவது, மூடுவதால் உருவாகும் முட்டுமுனைகள். தண்ணீர் ஓடாமல் தேங்கும் இடம் அது. மூடிய வால்வின் இருபுறமும் கழிவு வால்வு வேண்டும்.

இனி ஒருபோதும் தேவைப்படாது என்று உறுதியான இணைப்பை, வால்வை மூடி விட்டுவிடாமல் வெட்டி முனையை அடைத்துவிடுங்கள். அவசரத்துக்கு வேண்டும் என்றால் மட்டும் வால்வு. பிரதானக் குழாய் உடையும் நாளில் மருத்துவமனைகளுக்குத் தண்ணீர் வர அப்படி ஒரு மாற்று வழி கட்டாயம் இருக்க வேண்டும்.

எல்லை மூடியபின் அழுத்தம் குறையும். குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும்? நடுவண் அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு, ஒரு தளக் கட்டடத்துக்கு 7 மீட்டர், இரண்டு தளத்துக்கு 12, மூன்று தளத்துக்கு 17 என்றது. பத்து மீட்டர் என்பது பிட்டர்கள் சொல்லும் ‘ஒரு கிலோ’வுக்குச் சமம். எல்லையைத் தற்காலிகமாக ஒரு வாரம் மூடிவைத்து, கடைசி வீட்டில் அழுத்தமானி பொருத்திப் பாருங்கள். அந்த வீட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லையென்றால் கோட்டை மாற்றுங்கள். கணக்குக்காக ஒரு குடும்பத்தின் குடத்தைக் காலியாக்கும் உரிமை நமக்கு இல்லை.

மீட்டர்: இடமும் அளவும்

1,200 இணைப்பு, இணைப்புக்கு 5 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 810 கன மீட்டர். 24 மணி நேரமும் தண்ணீர் போனால் சராசரி மணிக்கு 34 கன மீட்டர். நெரிசல் நேரத்தில் அது 100 வரை போகலாம். 150 மி.மீ. மீட்டரில் சராசரி வேகம் நொடிக்கு அரை மீட்டர், உச்சத்தில் ஒன்றரை மீட்டர். பொருத்தமான அளவு.

அதே 810 கன மீட்டரை நான்கு மணி நேரத்தில் விட்டால் மணிக்கு 200 கன மீட்டர் ஓட வேண்டும். 150 மி.மீ. குழாயில் வேகம் நொடிக்கு 3 மீட்டரைத் தாண்டும். அழுத்தம் அங்கேயே தின்னப்பட்டுவிடும். 200 மி.மீ. போட்டால் இன்று சரி. நாளை தொடர் விநியோகம் வரும்போது நள்ளிரவுச் சிறு ஓட்டத்தில் வேகம் மிகக் குறைந்து பிழை கூடும். இரண்டு நிலைகளையும் எழுதி, இரண்டிலும் பிழை எல்லைக்குள் நிற்கிறதா என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் சரிபார்த்த பிறகே வாங்குங்கள். மண்டல வாயிலுக்கு மின்காந்த மீட்டரே என் தேர்வு. உள்ளே சுழலும் பாகம் இல்லை. மணலும் துருவும் அதைச் சிக்கவைக்காது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

1. மீட்டருக்கு முன் குழாய் விட்டத்தைப் போல ஐந்து மடங்கும், பின் மூன்று மடங்கும் நேர்க்குழாய் விடுங்கள். 150 மி.மீ.க்கு முன்னால் 75 செ.மீ., பின்னால் 45 செ.மீ. வளைவும் பாதி திறந்த வால்வும் இந்தத் தூரத்துக்குள் வரக் கூடாது.

2. மீட்டருக்குள் குழாய் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். மேடான இடத்தில் வைக்காதீர்கள். சற்றே தாழ்ந்து எழும் இடத்தில் வையுங்கள்.

3. முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் குழாய் தினமும் காலியாகிறது. திறந்தவுடன் முதலில் காற்றுதான் வரும். சக்கரம் சுழலும் மீட்டராக இருந்தால் அந்தக் காற்றையும் தண்ணீராக எண்ணும். எனவே மீட்டருக்கு முன்னே காற்று வால்வு கட்டாயம்.

4. மீட்டர் குழியில் மழைநீர் நிற்காமல் பாருங்கள். பாதாள சாக்கடை மூடிக்கு அருகில் குழி அமைக்காதீர்கள்.

5. மீட்டரைக் கழற்றும் நாளில் தண்ணீர் நிற்காமலிருக்க மாற்றுக் குழாய் வைத்தால், அதன் வால்வுக்கு முத்திரை இடுங்கள். அது பாஸ் ஆனால் அளக்கப்படாத தண்ணீர் உள்ளே போகும்.

எல்லை மூடியதா? சுழிய அழுத்தச் சோதனை

இந்த ஓர் இரவு வேலைதான் மண்டலம் உண்மையா, வரைபடத்தில் மட்டும் இருக்கிறதா என்று சொல்லும். தீபாவளி வாரம், வைகுண்ட ஏகாதசி, ஆடிப்பெருக்கு நாட்களில் வைக்காதீர்கள். மூன்று நாள் முன்னதாக வீடுகளுக்குத் துண்டறிக்கை கொடுங்கள். மருத்துவமனைகளுக்கு நேரில் போய்ச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். டயாலிசிஸ் பிரிவு இருந்தால் அதன் பொறுப்பாளரையே சந்தியுங்கள். நம் வேலையால் தண்ணீர் நின்றாலும் குளோரின் அளவு கூடினாலும் அங்கே உயிருக்கு ஆபத்து.

ஒரு நிபந்தனையைப் பலரும் மறக்கிறார்கள். சோதனை நேரத்தில் பக்கத்து மண்டலங்களின் குழாய்களில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்க வேண்டும். 24 மணி நேரமும் தண்ணீர் போகும் நாடுகளில் எழுதிய கையேடுகளில் இதைத் தனியே சொல்லியிருக்க மாட்டார்கள், அங்கே அது இயல்பாகவே இருக்கும். நம் ஊரில் நள்ளிரவில் பக்கத்துக் குழாயும் காலியாக இருந்தால், ஓட்டை எவ்வளவு பெரிதானாலும் அழுத்தமானி பூஜ்யத்தைத்தான் காட்டும். நீங்களும் வெற்றி என்று எழுதிவிட்டு வருவீர்கள். அன்றிரவு சுற்றுப் பகுதிகளுக்கு முறை மாற்றித் தண்ணீர் விட ஏற்பாடு செய்யுங்கள்.

வரிசை:

1. இரவு 12 மணிக்குக் குழு கூடட்டும். எல்லையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் ஆள், ஒரு கைபேசி, ஒரு வால்வு சாவி.

2. மண்டலத்துக்குள் குறைந்தது மூன்று இடங்களில் அழுத்தமானி: வாயிலருகே, நடுவில், கடைசி முனையில். எல்லைக்கு வெளியேயும் இரண்டு இடங்களில் வைத்து, அங்கே அழுத்தம் இருப்பதை உறுதிசெய்யுங்கள்.

3. எல்லை வால்வுகளை ஒரு முனையிலிருந்து வரிசையாக மூடுங்கள். சுற்றுகளை எண்ணுங்கள். கடைசிச் சில சுற்றுகளை மிக மெதுவாக. வேகமாக மூடினால் நீர் அதிர்ச்சி உண்டாகிப் பழைய ஏ.சி. (கல்நார் சிமென்ட்) குழாய் விரிசல் விட்டுவிடும்.

4. எல்லா வால்விலும் ஒலிக்கம்பி வைத்துக் கேட்ட பிறகு வாயில் வால்வை மூடுங்கள்.

5. உள்ளே ஒரு கழிவு வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். சில நிமிடங்களில் மூன்று மானிகளும் பூஜ்யத்துக்கு வர வேண்டும்.

6. கழிவு வால்வை மூடிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். முள் அசையாவிட்டால் எல்லை மூடியிருக்கிறது. மெல்ல ஏறத் தொடங்கினால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது.

7. ஏறினால் பதற வேண்டாம். மெயின் ரோட்டில் ஒரு வால்வை மூடி மண்டலத்தை இரண்டாகப் பிரியுங்கள். எந்தப் பாதியில் முள் ஏறுகிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். இப்படியே போனால் ஒன்றிரண்டு தெருவுக்குள் வந்துவிடலாம். அங்கே தோண்டினால் பெரும்பாலும் யாரும் பதிவு செய்யாத பழைய இணைப்பு கிடைக்கும்.

8. முடிந்ததும் வாயில் வால்வை மெதுவாகத் திறந்து, காற்று வெளியேறக் கழிவு வால்வுகளைத் திறந்துவிட்டு, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள்.

எட்டாம் படியைத் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிடாதீர்கள். குழாயில் அழுத்தம் பூஜ்யமானால், ஒவ்வொரு கசிவுத் துளையும் உறிஞ்சும் துளையாக மாறும். பக்கத்தில் பாதாள சாக்கடை கசிந்தால் அது குடிநீருக்குள் வந்துவிடும். மண்டலத்தின் கடைசி வீட்டுக் குழாயில் மீதக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருப்பதைப் பார்த்த பிறகே குழு கலையலாம்.

சம்ப் உள்ள ஊரில் இரவு ஓட்டத்தை அளப்பது

1980களில் பிரிட்டனில் பரவிய இந்த முறையின் அடிப்படை எளிது. ஊர் உறங்கும் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே வீடுகளில் யாரும் தண்ணீர் எடுப்பதில்லை. அப்போது வாயிலில் ஓடுவது பெரும்பாலும் கசிவு. நம் ஊரில் மனிதர்கள் உறங்கினாலும் சம்ப்புகள் உறங்குவதில்லை. தண்ணீர் வந்தவுடன் குடித்துக்கொண்டே இருக்கும். முதல் நாள் அளந்துவிட்டு “எல்லாமே கசிவு” என்று அறிக்கை எழுதுவது பெரும் பிழை.

வழி இதுதான். மண்டலத்துக்கு மட்டும் மூன்று நாள் இடைவிடாமல் தண்ணீர் விடுங்கள். முதல் நாள் ஓட்டம் மிக அதிகமாக இருக்கும். சம்ப்புகளும் மேல்தொட்டிகளும் நிறைகின்றன. இரண்டாம் நாள் இறங்கும். மூன்றாம் இரவு இரண்டு மணிக்கு எண் நிலைபெற்றிருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரவில் தெருக்களில் நடந்து பாருங்கள். மிதவை வால்வு பழுதான சம்ப் நிரம்பிச் சாக்கடையில் வழிந்துகொண்டிருக்கும். நலச் சங்கத்தார் உண்மையில் உதவக்கூடிய இடம் இது: சோதனைக்கு முந்தைய வாரத்தில் வீடு வீடாக மிதவை வால்வைச் சரிபார்க்கச் செய்யலாம். மோட்டாரை நேரடியாக இணைப்பில் மாட்டி உறிஞ்ச வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். அப்படி உறிஞ்சும்போது அடுத்த வீட்டுக் குழாயில் அழுத்தம் குறைந்து அழுக்கு உள்ளிழுக்கப்படுகிறது.

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. மூன்றாம் இரவில் மணிக்கு 18 கன மீட்டர் ஓடுகிறது என்று வைப்போம். நியாயமான இரவுப் பயன்பாட்டுக்கு, பிரிட்டனில் வழங்கும் வீட்டுக்கு மணிக்கு 1.7 லிட்டர் என்ற எண்ணை வைத்தால் 2 கன மீட்டர். மருத்துவமனைகளின் மீட்டரை நேரில் படித்ததில் இன்னொரு 2. மீதி 14 கசிவு. இரவில் அழுத்தம் அதிகம். பகலில் கசிவு சற்றுக் குறையும். ஆகவே 24க்குப் பதில் 20ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு 280 கன மீட்டர், அதாவது 2,80,000 லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் கணக்கில் 2,000 பேருக்கு மேல் போதுமான தண்ணீர். 1.7 என்பது பிரிட்டன் வீட்டின் எண். அடுக்குமாடிகள் நிறைந்த தில்லை நகரில், சில கட்டடங்களில் நீங்களே இரவில் மீட்டர் படித்து உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

மூன்று நாள் தொடர்ந்து விடத் தண்ணீர் இல்லை என்றால், ஒரே ஒரு குறுக்குத் தெருவை எடுங்கள். வீட்டுக்காரர்கள் சம்மதத்தோடு எல்லா வீட்டு நிறுத்துக்குழாய்களையும் மூடுங்கள். தெரு வால்வையும் மூடிவிட்டு, அடுத்த தெருவின் தீயணைப்புக் குழாயிலிருந்து ஒரு சிறு மீட்டர் வழியாகக் குழல் மூலம் தண்ணீர் விடுங்கள். வீடுகள் எதுவும் எடுக்காதபோது அந்த மீட்டர் ஓடினால், ஓடுவது முழுக்கக் கசிவு. மலிவான சோதனை, தெருக்காரர்கள் கண்முன்னே நடப்பதால் அவர்களுக்கும் புரியும்.

எந்தத் தெரு? படிமூடல்

தொடர் விநியோகம் உள்ள இரவில், கடைசித் தெருவிலிருந்து வாயிலை நோக்கி ஒவ்வொரு தெரு வால்வாக மூடிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொன்றையும் மூடியபின் வாயில் மீட்டரைப் படியுங்கள். 18 என்பது 17.2 ஆகிறது, பிறகு 16.9, அடுத்த தெருவை மூடியதும் 10.1. மணிக்கு 6.8 கன மீட்டரை ஒரே தெரு விழுங்குகிறது. மறுநாள் கேட்கும் கருவியோடு அங்கே போங்கள். இரும்புக் குழாயில் கசிவுச் சத்தம் தூரம் போகும், பி.வி.சி., எச்.டி.பி.இ. குழாயில் சில அடிகளிலேயே மங்கிவிடும். அங்கே இணைப்புக்கு இணைப்பு கேட்க வேண்டும். முதலில் வீட்டு இணைப்பு பிரியும் ஃபெருலும் சாடிலும் உள்ள இடங்களைப் பாருங்கள். பிரதானக் குழாயைவிட வீட்டு இணைப்பில்தான் கசிவுகள் எண்ணிக்கையில் அதிகம். வெளியே தெரியாமல் நெடுநாள் ஓடுவதும் அங்கேதான்.

உயிருக்குப் பாதுகாப்பு

வால்வு குழி ஆழம் குறைவென்று அலட்சியம் வேண்டாம். சாக்கடை வாயு கசிந்து தேங்கியிருக்கலாம். மூடியைத் திறந்து காற்றாட விட்டு, வாயு அளவியைக் கயிற்றில் இறக்குங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் யாரும் இறங்கக் கூடாது. மேலே ஒருவர் நிற்காமல் கீழே ஒருவர் இறங்கக் கூடாது. மயங்கியவரைக் காப்பாற்றத் தானும் குதிப்பவர்தான் இரண்டாவதாக இறக்கிறார். இதை உங்கள் குழுவிடம் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

ஒன்றரை மீட்டரைத் தாண்டும் பள்ளத்துக்குப் பக்கவாட்டுத் தாங்கல் கட்டாயம். தோண்டிய மண்ணை விளிம்பில் குவிக்காதீர்கள். மின்கம்பி செல்லும் பாதையை மின்வாரியத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பழைய ஏ.சி. குழாயை உலர்ந்த நிலையில் கிரைண்டரால் வெட்டாதீர்கள். அதில் இருப்பது கல்நார். தூசி நுரையீரலுக்குப் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகத் திரும்பும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே கைவாளால் அறுங்கள். முகக்கவசம் அணியுங்கள். துண்டுகளை ஈரமாகவே பையில் கட்டுங்கள்.

புதுக் குழாய்த் துண்டு போட்டால் கிருமிநீக்கம் செய்யுங்கள். 200 மி.மீ. குழாய் 100 மீட்டரில் 3,140 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு 25 மில்லிகிராம் குளோரின் என்றால் 78.5 கிராம்; 25 சதவீத வலுவுள்ள பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய 315 கிராம். 24 மணி நேரம் நிறுத்திவைத்து, பிறகும் 10 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்தால் சரி. வழக்கமான அளவுக்கு இறங்கும்வரை கழுவிய பிறகே வீடுகளுக்குத் திறந்துவிடுங்கள். அந்த நீரை அப்படியே உய்யக்கொண்டானில் விடாதீர்கள், மீன்கள் செத்துப்போகும்.

செய்துமுடித்த ஊர்கள்

கர்நாடகத்தில் ஹூப்ளி, தார்வாட், பெல்காம், குல்பர்கா நகரங்களில் 2008இல் சில பகுதிகளை மட்டும் தனியே பிரித்து, குழாய்களைப் புதுப்பித்து, 24 மணி நேரமும் தண்ணீர் கொடுத்துக் காட்டினார்கள். ஊர் முழுவதையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒரு துண்டை முழுமையாகச் சரிசெய்தது நாம் பின்பற்றத்தக்க வழி. கம்போடியாவின் நோம்பென் நகரம் 1993இல் 72 சதவீதத் தண்ணீரை இழந்துகொண்டிருந்தது. குழாய்களை மாற்றி, எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்து, மண்டலம் மண்டலமாகக் கண்காணித்துப் பதினைந்து ஆண்டுகளில் அதை ஏறக்குறைய 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. நமக்குப் பக்கத்தில் கோயம்புத்தூரில் 24 மணி நேர விநியோகத்துக்கான ஒப்பந்தம் 2018இல் கையெழுத்தானது. வாய்ப்பு கிடைத்தால் அங்கே ஒரு மண்டல வாயில் குழியை நேரில் போய்ப் பாருங்கள்.

மண்டலத்தை உயிரோடு வைத்திருப்பது

அமைத்த மண்டலம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். எங்கோ தண்ணீர் வரவில்லை என்று புகார் வருகிறது. யாரோ எல்லை வால்வைத் திறக்கிறார். திரும்ப மூட மறக்கிறார். திறந்தவரைத் திட்டிப் பயனில்லை. அவர் மக்களுக்குத் தண்ணீர் கொடுக்கத்தான் திறந்தார். எனவே எல்லை வால்வுகளின் மூடிக்குச் சிவப்பு வண்ணம் அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம்: எண், இடம், மொத்தச் சுற்று, இப்போதைய நிலை, திறந்த நாள், திறந்தவர், மூடிய நாள். பதிவேடு ஆப்பரேட்டரின் கையிலேயே இருக்கட்டும்.

வாரம் ஒருமுறை ஒரே கிழமையில் இரவு ஓட்டத்தை எழுதுங்கள். எண் திடீரெனக் கூடினால் புதுக் கசிவு. அன்றே தேடத் தொடங்குங்கள். திடீரெனக் குறைந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். ஏதோ ஓர் எல்லை வால்வு திறந்து, பக்கத்து மண்டலத்துத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கலாம். சிவப்பு மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒலிக்கம்பி வைத்துக் கேட்டுவிட்டு, பிறகு அந்த எண்ணைப் பதியுங்கள். எல்லா வால்வும் மூடியிருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை சுழிய அழுத்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.